மதில்வரியும் மனைவரியும்

பலர் கூடி வாழுமிடம் நகரம் எனப்படும். கூடி வாழ்வார்க்கு வீதியும் வடிகாலும் விளக்கும் குடிநீரும் காவலும் பொதுவாக வேண்டப்படுவன. இவற்றை ஆக்குதற்கும் பேணுதற்கும் பொருள் வேண்டும். அப்பொருளை யார் தருதல் வேண்டும், எவ்வளவு தருதல் வேண்டும், யார் சொற்படி தருதல் வேண்டும் என்னும் மூன்று வினாக்களும் நகரம் தோன்றிய நாள்தொட்டு மக்களிடையே நிலவி வருவன. முதலிரு வினாக்களையும் பற்றிப் பொருளியலார் பலபடப் பேசுவர். மூன்றாம் வினாவின் பெருமையை வரலாறே நன்கு காட்டவல்லது.

ஈழநாட்டிலே சோலைவரி என வழங்கும் மதிப்பீட்டு வரி இம்மூன்று வினாக்களுக்கும் உரியது. இவ்வரியின் சுமை எல்லார்மீதும் ஒருபடித்தாக விழுவதன்று. வணிகன் தான் கொடுத்த வரியைப் பண்டத்தின் விலையில் ஏற்றுவான். வீட்டை வாடகைக்கு விடுபவன் வாடகையில் ஏற்றுவான். முன்னோர் கட்டிய வீட்டிலே தானே குடியிருப்பவனுக்கோ அதனை ஏற்றுதற்கு வேறிடம் இல்லை. வீடு அவனுக்கு வருவாய் தருவதன்று, நிழல் தருவது. ஊர் வளருந்தோறும் அவ்வீட்டின் மதிப்பு உயர்கிறது. அவன் கைப்பொருளோ உயர்வதில்லை. நெடுங்காலமாக மனையுரிமை பூண்டோரின் இடர்ப்பாடு இதுவேயாகும். இவ்விடர்ப்பாடு புதிதன்று என்பதையும், அது தீர்ந்த வழியும் தீராத வழியும் எவை என்பதையும் சென்னப்பட்டினத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

பண்டைத் தமிழர் வழக்கு

தமிழகத்தில் மனைமீது இறை கொள்ளும் வழக்கம் முன்னரே இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மனையிறை என்னும் பெயர் வருதல் கற்றோர் அறிந்ததே. ஆயினும் முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெருங்கோயிலிற் பொறித்த சாசனங்கள், ஊர்களின் நிலத்தை அளந்து இறை கணக்கிடும்போது, குடியிருப்பாகிய ஊர்நத்தத்தையும் குளத்தையும் கோயிலையும் சுடுகாட்டையும் இறையிலியாகக் கழித்துவிடுகின்றன. விளையும் நிலம் ஒன்று, குடியிருக்கும் நிலம் மற்றொன்று என்னும் வேறுபாடு அக்காலத்தார் உள்ளத்திலே நன்கு பதிந்திருந்தது என்பதற்கு இதுவே சான்று.

பொதுப்பணியை நடத்தியவர் யாவர் என்பதும் நோக்கற்பாலது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919 ஆம் ஆண்டிலும் 921 ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்ச் சாசனங்கள் ஏரிவாரியம் முதலிய வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரியும் முறையைக் கூறுகின்றன. பிந்திய சாசனத்தின்படி, உறுப்பினராக விரும்புவோன் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாதல் வேண்டும். தன் சொந்த மனையிலே வீடு கட்டி இருப்பவனாதல் வேண்டும். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். அது பிராமணர் ஊர்ச்சபை. ஏனையோர்க்கு அதில் இடமில்லை. அக்குறையை மறைத்தல் தகாது. எனினும் இறை கொடுப்பவனே ஏரியைப் பார்க்க வேண்டும், ஏரியைப் பார்த்தவன் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் இரு நெறிகளும் அங்குத் திட்டமாக விளங்குகின்றன.

சென்னப்பட்டினத்து முதன் மதில்

ஆங்கிலக் கும்பினியார் 1639 ஆம் ஆண்டில் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடமிருந்து உரிமை பெற்று, அடுத்த ஆண்டிலே கடற்கரையிற் கோட்டை கட்டத் தொடங்கினர். கோட்டை மட்டும் இருந்தாற் போதுமோ? நெய்வோரும் சாயமிடுவோரும் வணிகரும் வேண்டும். ஆகவே வந்து குடியேறுவோர்க்கு 30 ஆண்டுகளுக்குச் சுங்கவிலக்கு உண்டு என அறிவித்தனர். அச்சொல்லை நம்பி நூற்றுக்கணக்கான நெசவாளர் குடும்பங்கள் வந்தன. கோட்டைக்கு வடக்கே, இந்நாளில் உயர்நீதிமன்றம் நிற்கும் பகுதியில், அவர்கள் அமைத்த குடியிருப்பே கறுப்பர் பட்டினம் எனப்பட்டது.

ஒரு தலைமுறை கழிந்தது. குடிசைகள் இருந்தவிடத்துக் கல்வீடுகள் எழுந்தன; வீதிகள் நெருங்கின; குப்பையும் பெருகியது. 1678 இல் ஆளுநரான இசுத்திரேன்சம் மாசுத்தர் வீதிகளைத் துப்புரவாக்கும் செலவுக்கு வீட்டுவரி விதிக்க முற்பட்டார். குடிகள் அதனை எதிர்த்தனர். குப்பை அகற்றுதல் நன்மையே என்பதை அவர்கள் அறியாதவரல்லர். வரியில்லை என்னும் நம்பிக்கையில் வந்து குடியேறித் தம் பொருளாலே வீடு கட்டினோர், அவ்வீட்டுக்கே வரி என்றபோது, அதனைத் தொகையால் மட்டும் அளந்தாரல்லர். சொல்லின் பிறழ்ச்சியாகவே கொண்டனர்.

இதனினும் பெரிய பூசல் மதிலால் விளைந்தது. முகலாயர் படை தெற்கே முன்னேறிக் கொண்டிருந்தது. 1687 இல் கோல்கொண்டா வீழ்ந்தது. கறுப்பர் பட்டினத்துக்கு அரண் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இலண்டனில் இருந்த கும்பினி இயக்குநர், மதிலால் காக்கப்படுவோரே மதிலுக்குப் பொருள் தருக எனக் கட்டளையிட்டனர். ஆளுநர் வில்லியம் கிபோட்டு அதனை நடைமுறைப்படுத்த முயன்றார். 1686 ஆம் ஆண்டு சனவரியில் நகரமக்கள் திரண்டனர். கடைகள் அடைக்கப்பட்டன, உணவுப்பொருளும் சரக்கும் நகருக்குள் வருதல் தடைப்பட்டது. ஆளுநர் பறையறைவித்தார். பணியாதோரின் வீடுகள் இடிக்கப்படும், அவர்கள் குடும்பத்தோடு நகரினின்றும் நீக்கப்படுவர் என்பது அறிவிப்பு. கடைகள் மீண்டும் திறந்தன.

இவ்விடத்து ஒன்று சிந்திக்கத்தக்கது. வீட்டுக்கு வரி கேட்டு, அது வாராதவிடத்து அவ்வீட்டையே இடிப்பேன் என்றது அரசு. வந்தேறியாகிய நாள்வணிகனுக்கு இவ்வச்சுறுத்தல் அத்துணைப் பெரிதன்று. அவன் மூட்டையைத் தோளில் இட்டு வேறு துறைமுகம் நாடுவான். வேரூன்றிய குடிக்கோ போக்கிடமில்லை. நிலைத்து வாழ்தலே அவனைக் கட்டும் கயிறாயிற்று. நகரத்தை நகரமாக்கிய நிலைபேறே அவனை எளிதில் வரி வாங்கத்தக்கவனாகவும் ஆக்கியது.

சபை தந்த கதை

பறையால் வாங்கிய பணிவு பணமாக எளிதில் மாறவில்லை. இலண்டனில் கும்பினியின் தலைவராய் விளங்கிய சர் யோசையா சைல்டு வன்மை மிக்கவரேனும் வணிக நுட்பம் அறிந்தவர். 1687 இல் அவர் ஒரு புதுவழி கூறினார். மேலிருந்து சுமத்தப்படும் ஆறு பென்சுக்கு முகஞ்சுளிக்கும் மக்கள், தாமே தமக்கு விதித்துக்கொண்டதாயின் ஐந்து சிலிங்கும் மனமுவந்து கொடுப்பர் என்பது அவர் கருத்தின் சாரம். ஐந்து சிலிங்கு அறுபது பென்சாகும். இணக்கத்தின் விலையைப் பதின்மடங்காக அவர் கணித்தார்!

இரண்டாம் யேம்சு மன்னரின் இசைவோடு 1687 டிசம்பர் 30 இல் கும்பினி சாசனம் அளித்தது. 1688 செத்தெம்பர் 29 இல் சென்னப்பட்டின மாநகரசபை தொடங்கிற்று. மேயர் ஒருவர், ஆல்டர்மென் பன்னிருவர், நகரத்தார் அறுபதின்மர் என்பது அதன் அமைப்பு. நதானியல் இக்கின்சன் முதன் மேயரானார். பன்னிருவருள் சின்ன வேங்கடாத்திரி, முத்து வீரண்ணா, அளங்காத்தா பிள்ளை என்னும் இந்து வணிகர் மூவரும் இடம்பெற்றனர். நகர மண்டபமும் சிறைச்சாலையும், இந்நாட்டுச் சிறுவர்க்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கும் பாடசாலையும் வரிப்பணத்தால் அமைதல் வேண்டும் என்பது திட்டம். செந்நிற அங்கியும் ஊர்வலமும் குடையும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன.

சைல்டு எதிர்பார்த்த வருவாய் வந்ததா எனின், வரவில்லை. அங்கியை ஏற்றவரும் வரியை ஏற்கத் தயங்கினர். அதற்குக் காரணம் சபையின் பிறப்பிலேயே உண்டு. முதன்மையான உறுப்பினரைக் கும்பினியே பெயர் குறித்தது. வீடுடையோர் தம் பேராளரைத் தாமே தெரிந்து அனுப்பினாரல்லர். மதில் எங்கே, எவ்வளவு உயரம், எத்துணைச் செலவு என்பவற்றை முடிவு செய்யும் உரிமையும் கோட்டையினின்றும் சபைக்கு வரவில்லை. வரி விதிக்கும் பொறுப்பு மட்டுமே வந்தது. இணக்கத்தின் மதிப்பைச் சைல்டு சரியாகவே கணித்தார். ஆனால் இணக்கத்தின் தோற்றத்தையே கொடுத்து, அதன் பயனை வாங்க எண்ணினார். மக்கள் இவ்வேறுபாட்டை உணர்ந்தனர்.

இரண்டாம் மதிலும் அதன் பெயரும்

1746 இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1758–59 இல் லாலி முற்றுகையிட்டான். கோட்டையின் முன்னே திறந்த வெளி வேண்டும் என்னும் படைத்துறைக் கருத்தால் பழைய கறுப்பர் பட்டினமே தரைமட்டமாக்கப்பட்டது. மதிலுக்கு வரி கேட்கப்பட்டவர்களின் வீடுகள் இறுதியில் அரணுக்காகவே அழிந்தன. குடிகள் வடக்கே சென்று புதிய பட்டினம் அமைத்தனர். 1769 இல் ஐதரலி சென்னையின் வாயில்வரை வந்து உடன்படிக்கை பெற்று மீண்டபின், அப்புதிய பட்டினத்தைச் சூழவும் மதில் கட்டப்பட்டது. ஒப்பந்தக்காரர் பவுல் பென்பீல்டு என்பவர்.

இச்செலவையும் வீடுடையோரிடமிருந்து பெறக் கும்பினி எண்ணியது. ஆனால் அவ்வரி நடைமுறைக்கு வரவில்லை என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. மதிலின் மேற்குப்புறமாகச் சென்ற பாதைக்கு மட்டும் மதில்வரிச் சாலை என்னும் பொருள்பட ‘வால்டாக்ஸ் ரோடு’ எனப் பெயர் நிலைத்தது. இந்நாளில் அதற்கு வ. உ. சி. சாலை என்னும் பெயர் உண்டாயினும் மக்கள் நாவில் பழம்பெயர் வழங்குகின்றது. மதிலில் எஞ்சிய துண்டொன்று இராயபுரத்து மாடிப் பூங்காவிற் காணப்படுகின்றது. மதில் பெரும்பாலும் மறைந்தது; வாங்கப்படாத வரியின் பெயரோ இருநூற்றைம்பது ஆண்டுகளாக வாழ்கின்றது.

காசிமக்கள் கூறிய நியாயம்

சென்னைமக்களின் எதிர்ப்பைக் கும்பினியார் குறிப்புகள் வாயிலாகவே பெரிதும் அறிகின்றோம். மனையுடையோர் தம் வாயாலேயே தம் நியாயத்தை விரித்துரைத்த நிகழ்ச்சி, அதே கும்பினி ஆட்சியில், காசிமாநகரிலே நிகழ்ந்தது. 1810 ஆம் ஆண்டின் 15 ஆம் ஒழுங்குவிதி வங்காள ஆட்சிப்பகுதி நகரங்கள் சிலவற்றில் வீடுகளுக்கு ஆண்டு வாடகையில் நூற்றுக்கு 5 வீதம் வரி விதித்தது. அவ்வாண்டு டிசம்பரிற் காசிமக்கள் கடைகளை அடைத்துத் தொழிலை நிறுத்தி நகர்ப்புற வெளியிலே அமர்ந்தனர். அவர்தொகை இருபதினாயிரத்துக்கு மேற்பட்டது என மதிக்கப்பட்டது. ஆயுதம் ஏந்தாது வாரக்கணக்காக அமர்ந்திருந்தனர்.

அவர்களுடைய விண்ணப்பத்தின் கருத்து இதுவாகும்: முன்னிருந்த சுல்தான்கள், குடிகள் பரம்பரையாலோ கிரயத்தாலோ பெற்ற குடியிருப்பு வீடுகள்மீது அரசிறை உரிமையைச் செலுத்தியதில்லை. காவலுக்கென ஏற்கெனவே வேறு கட்டணம் கொடுக்கப்படுகின்றது. கட்டினோர் செல்வராயிருந்திருக்கலாம், இன்று அவ்வீட்டில் வாழும் வழித்தோன்றல்கள் பலர் வறியர். ஒரு வீட்டில் பலர் பங்குடையோராக இருக்கின்றனர். வாடகை என்பதையே அவர்கள் காண்பதில்லை.

ஆட்சியாளர் முதலில் விண்ணப்பத்தை ஏற்றிலர். பின்னர்ச் சமயக் கட்டடங்களுக்கும் வறியோர் குடில்களுக்கும் விலக்களித்தனர். 1812 இல் அவ்வரியையே நீக்கினர். இவ்வெற்றி மனையுடையோர்க்குப் பெரியதே. ஆயினும் வரலாற்று மாணவர் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். வரி நீங்கியதால் வடிகாலின் தேவை நீங்கிவிடாது. பரம்பரை வீட்டினர் கொடாததை வேறொருவர் கொடுத்தல் வேண்டும். அல்லது அப்பணி நடவாது. நுழைவுப் பண்டங்களின் மேற் சுங்கமாக அது மாறின், ஒரு பிடி தானியம் வாங்கும் ஏழையே அதனைச் சுமப்பான். ஆதலின் பழைய உரிமை என்பது மட்டும் வரிவிலக்குக்குப் போதிய நியாயமாகாது. வரியை அளக்கும் கோலைப் பற்றியே காசிமக்களின் நியாயம் வலிமை பெறுகின்றது.

கீழ்க்கரைக்கு உரிய படிப்பினை

இலங்கையின் கீழ்க்கரையிலே பொதுப்பணிக்குப் பொருள் தருதல் என்னும் வினா நகரத்தில் எழுமுன்னரே வயலில் எழுந்தது. சர் கென்றி வாட் தேசாதிபதியாயிருந்த காலத்தில் (1855–1860) இறக்காமம், அம்பாறை ஆகிய குளங்களின் திருத்தவேலைகள் மேற்கொள்ளப்பட்டன. 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் கட்டளைச்சட்டம் வயற்காரர் கூட்டங்கூடிப் பழைய கமவழக்கங்களைத் தம் இணக்கத்தோடு விதிகளாக்க இடமளித்தது. சாகாமம் முதலிய குளத்தூர்களின் வேளாண்மை மரபிலே போடியாரும் வட்டைவிதானையும் பெற்றிருந்த இடம் இவ்விணக்க மரபைச் சார்ந்ததே. எந்நாளில் நீர் திறப்பது, யார் எவ்வளவு அணைகட்டுவது என்பவற்றைக் கூட்டத்திலே பேசித் தீர்த்தவர், தம் பங்கைக் கொடுத்தலையும் கடமையாகக் கொண்டனர். கொடுத்த பங்கு கண்முன்னே வாய்க்கால் நீராக ஓடியது.

நகரவரியோ இத்தகைய எளிமையுடையதன்று. 1865 ஆம் ஆண்டின் மாநகரசபைக் கட்டளைச்சட்டத்தால் கொழும்பும் கண்டியும் சபைகள் பெற்றன. 1886 இல் இலபுகமை நீர்த்தேக்கத்தினின்றும் கொழும்புக்குக் குழாய்நீர் வந்தது. இவ்வாறு வளர்ந்த நகராட்சி முறையே காலப்போக்கிற் கீழ்க்கரையையும் அடைந்தது. கல்முனை 2001 இலும் அக்கரைப்பற்று 2011 இலும் மாநகரசபைகளாயின. பிரதேச சபைகளின் கட்டட நெருக்கமுள்ள பகுதிகளிலும் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் சட்டத்தின்படி சோலைவரி விதிக்கலாம். ஏனைய நிலங்களுக்கு ஏக்கர்வரி உண்டு.

இவ்வரியின் அடிப்படை ஆண்டுப் பெறுமதியாகும். அஃதாவது, ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டொன்றுக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்னும் மதிப்பு. வாடகைக்கு விடுகின்ற வீட்டுக்கு இது பொருந்துவதே. கீழ்க்கரையின் மரபு வீட்டுக்கு எவ்வாறு பொருந்தும்? இக்கரையிலே தமிழரும் முசிலிங்களும் மகளுக்கு மணமாகும்போது வீட்டைச் சீதனமாகக் கொடுப்பது நெடுநாள் வழக்கு. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். பெற்றோர் முதல் மகளுக்குத் தாமிருந்த வீட்டைக் கொடுத்து, அதே வளவிலோ அயலிலோ அடுத்தவளுக்கு வீடு கட்டத் தொடங்குவர். ஆகவே வளவு ஒரு பெண்வழியின் இருப்பிடம். அது சந்தைக்கு வருவதன்று. அயலிலே கடைத்தெரு வளர்ந்து வாடகை உயர்ந்தால், அவ்வளவின் ஆண்டுப் பெறுமதியும் ஏட்டிலே உயரும். அதில் வாழும் கைம்பெண்ணின் அடுக்களையில் அதனால் ஒரு பிடி அரிசியும் கூடுவதில்லை. காசிமக்கள் 1810 இற் கூறிய நியாயம் ஈண்டும் பொருந்துகின்றது.

இதற்குப் பரிகாரம் வரியை ஒழித்தலன்று. வீதி வேண்டும், வடிகால் வேண்டும் என்போர் கொடுத்தே ஆகவேண்டும். ஆண்டுவரியைச் சனவரி 31 க்குமுன் முழுதுஞ் செலுத்துவோர்க்கு நூற்றுக்கு 10 வீதம் கழிவு அளிக்கும் ஏற்பாடு சட்டத்தில் உண்டு. ஆனால் மொத்தமாகக் கொடுக்கவல்லவர்க்கே அக்கழிவு முழுதுங் கிட்டும். கைப்பொருள் இல்லாதார் தவணையை நாடுவர், தவறின் பிடியாணைச் செலவையும் சுமப்பர். குடியிருக்கும் வீட்டையும் வருவாய் தரும் கட்டடத்தையும் வேறாக அளத்தலும், வறிய முதியோரின் தவணையை வீட்டுரிமை கைமாறும்வரை ஒத்திவைத்தலும் சட்டமியற்றுவோர் கருதத்தக்கன.

இவற்றினும் முதன்மையானது இணக்கம். 2023 மார்ச்சில் நாட்டின் பெரும்பாலான உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே மாதத்திலேதான் தேர்தல் நிகழ்ந்தது. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேலாக அதிகாரிகளே நிருவாகம் நடத்தினர். வரி கேட்கும் கடிதம் மட்டும் தவறாது வந்தது. வரி கொடுப்போன் கேள்வி கேட்கத்தக்க பேராளன் இல்லாத அக்காலம், பறையறைந்த கிபோட்டின் முறையை முற்றாக ஒத்ததன்று. ஆயினும் அங்கி கொடுத்து உரிமை கொடாத சைல்டின் முறைக்கு அதிகம் தொலைவிலும் இல்லை.

முடிவாக ஒன்று கூறலாம். உத்தரமேரூர்ச் சபை கணக்குக் காட்டாதவனை விலக்கியது. கீழ்க்கரைக் கமக்காரர் நீரைப் பங்கிட்டுப் பொறுப்பையும் பங்கிட்டனர். இவ்விரண்டிடத்தும் பொதுப்பணி மக்களுடையதாக நின்றது. சென்னையில் மதில் கும்பினியுடையதாகவே இருந்தது. ஆகவே அதற்கான வரியும் அயலானுக்குக் கொடுக்கும் தண்டமாகவே தோன்றிற்று. ஒரு நகரத்தின் பழங்குடிகள் சோலைவரிப் பற்றுச்சீட்டைக் கையில் வாங்கும்போது, தம் வீட்டின் இன்னொரு சுவருக்குப் பொருள் கொடுத்தோம் என எண்ணுவாராயின், அந்நகரம் நன்கு ஆளப்படுகின்றது. தம் வீட்டுக்கே மீண்டும் விலை கொடுத்தோம் என எண்ணுவாராயின், எத்துணைச் சட்டம் இயற்றினும் அங்கே மதில்வரியின் கதை இன்னும் முடிந்தபாடில்லை.